நூறு பக்கமாக ரத்தினத்தைக் காணோம்

என் நாவலின் பிரதிக் கட்டை அக்கா திருப்பிக் கொடுத்தபோது அதற்குள் இரண்டு பஸ் டிக்கெட்டுகள் செருகியிருந்தன. முதல் டிக்கெட் 188ஆம் பக்கத்தில். “இதுவரைக்கும் ரத்தினம் இருந்தார்” என்றாள். அடுத்தது 291ஆம் பக்கத்தில். “இங்கேதான் திரும்பி வர்றார். நடுவுல நூறு பக்கமா ஆளைக் காணோம். எங்கேடா போனார் மனுஷன்?”

ரத்தினம் என் நாவலின் நாயகன். கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். வயது 58. காலம் 1990களின் நடுப்பகுதி. ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் சின்ன ஊர் அச்சகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். கையால் ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்து அவர் உருவாக்கிய கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் இனி வேண்டாம் என்று ஆன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. என் சித்தப்பா அப்படி ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் நானும் அங்கே போய் உட்கார்ந்து, தரையில் சிந்திய எழுத்துகளைப் பொறுக்கிக் கொடுத்து நாலணா வாங்கியிருக்கிறேன். அதனால் களம் கைக்குள் இருந்தது. நான்கு வருடம் எழுதி 430 பக்கம் ஆக்கியிருந்தேன்.

அக்கா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கிளை நூலகத்தில் வாரம் மூன்று புத்தகம் எடுத்துப் படிக்கிறவள். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த நூறு பக்கமும் அச்சக முதலாளிக்கும் அவருடைய தம்பிக்கும் நடக்கும் சொத்து வழக்கு. வக்கீல், வாய்தா, பாகப்பத்திரம், பெரியம்மாவின் ஒட்டியாணம் எல்லாம் உண்டு. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அக்காவும் அதை மறுக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற நாவல்.”

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் 188ஆம் பக்கத்தை எடுத்துப் படித்தேன். டிரெடில் அச்சு மெஷினை விற்கப்போவதாக முதலாளி ரத்தினத்திடம் சொல்கிறார். ரத்தினம் தலையாட்டிவிட்டு வெளியே வருகிறார். அவ்வளவுதான் அந்தப் பக்கம். அடுத்து அவர் என்ன செய்வார்? அதை எழுதிய நாளில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் முதலாளி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே அண்ணன் தம்பி சண்டை தயாராகக் காத்திருந்தது.

மற்ற கிளைக்கதைகள் ஆரம்பிக்கும் இடங்களையும் புரட்டினேன். எல்லாம் அதே கதைதான். ரத்தினம் எங்கே முட்டிக்கொண்டு நின்றாரோ அங்கெல்லாம் ஒரு கிளை முளைத்திருந்தது. நாவலுக்கு வேண்டும் என்று நான் அவற்றை எழுதவில்லை. ரத்தினத்திடமிருந்து தப்பித்து ஒளிந்துகொள்ள எழுதியிருந்தேன்.

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்றும் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் சென்னை சாலிகிராமத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வசன உதவியாளராகப் பதினோரு மாதம் இருந்தேன். அங்கே கிளைக்கதை என்று யாரும் சொல்வதில்லை, ‘டிராக்’ என்பார்கள். மாமியார் டிராக், தங்கச்சி டிராக், பக்கத்து வீட்டு டிராக். கதாநாயகிக்கு அந்த வாரம் கால்ஷீட் இல்லையென்றால் தங்கச்சி டிராக்கை நீட்ட வேண்டும். தங்கச்சியாக நடித்தவர் வேறு தொடருக்குப் போய்விட்டால் அவரை ஒரே எபிசோடில் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பிவிட வேண்டும். ஒன்லைன் எழுதும்போதே ‘இந்த டிராக் எத்தனை நாள் தாங்கும்’ என்றுதான் பேச்சு நடக்கும். அங்கே அது சரி. தினம் இருபது நிமிடத்தை நிரப்ப வேண்டிய தொழில் அது, அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாவலில் யாருக்கும் கால்ஷீட் பிரச்சினை இல்லை. ரத்தினம் எந்நேரமும் வரத் தயாராகத்தான் இருந்தார். அவரைக் கூப்பிடாமல் விட்டது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போட உதவும். ஒரு தாளுக்கு ஒரு காட்சி என்று நாவல் முழுவதையும் அதில் எழுதினேன். ரத்தினம் வரும் காட்சிக்குக் கறுப்பு மை. பைண்டிங் வேலை பார்க்கும் சரோஜாவுக்குப் பச்சை. வழக்குக்குச் சிவப்பு. ரத்தினத்தின் மகளுக்கு நீலம். புரூஃப் பார்க்க வரும் புலவருக்குப் பென்சில். ஒரே காட்சியில் இரண்டு பேர் வந்தால் இரண்டு நிறத்திலும் எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். வரிசையாகப் பரப்பியபோது கல்லாப்பெட்டியில் தொடங்கி பின்சுவர்வரை நீண்டது.

எழுந்து நின்று பார்த்தேன். நடுவில் சிவப்பு மட்டும் ஒரு பாய் நீளத்துக்குக் கிடந்தது. அது தெரிந்ததுதான். பச்சையைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரோஜாவும் ரத்தினமும் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிவரை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள். பச்சையும் கறுப்பும் சேர்ந்த தாள் மொத்தமே இரண்டு. இரண்டிலும் அவர்கள் டீ வாங்கி வருவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நாவல் எழுதுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்தத் தாள் வேலையைத்தான். கம்ப்யூட்டரிலும் செய்யலாம், ஆனால் தரையில் பரப்பிப் பார்ப்பது வேறு. நிறம் எங்கே குவிகிறது, எங்கே காணாமல் போகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து அகற்றிப் பார்க்கும் சோதனை. ஒரு நிறத் தாள்களை மொத்தமாக எடுத்துவிட்டு, கடைசி நான்கு கறுப்புத் தாள்களைப் படிக்க வேண்டும். ஏதாவது மாறுகிறதா? சிவப்பை எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்குப் பணம் தேவை, அதனால் மெஷினை விற்கிறார், அவ்வளவுதான் வழக்கினால் ரத்தினத்துக்கு வந்த விளைவு. அதற்கு “தம்பிக்குப் பங்கு கொடுத்தாகணும் ரத்தினம்” என்று முதலாளி சொல்லும் ஒரு வரி போதும். நூறு பக்கத்துக்குப் பதிலாக இப்போது அந்த வரிதான் இருக்கிறது.

பச்சையை எடுத்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இதுதான் வலித்தது, ஏனென்றால் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது சரோஜாதான். திருப்பூர் போய் எட்டு வருடம் காணாமல் போன அவளுடைய கணவன் ஒரு மழை நாளில் வந்து வாசலில் நிற்கிறான். அவள் அவனை உள்ளே விடுகிறாளா என்பது 60 பக்கம். அதை அக்காவிடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன்.

அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. “மணிமேகலையில காயசண்டிகையை எடுத்துட்டா என்ன ஆகும், சொல்லு” என்றாள். எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த அளவுதான் ஞாபகம். யானைத்தீ என்ற தீராத பசிநோய் பிடித்தவள், அமுதசுரபிச் சோற்றில் பசி தீர்ந்தவள். “அவ்வளவுதானே?” என்றேன். அக்காவுக்கு வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது.

அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். காயசண்டிகை வித்தியாதரப் பெண். பொதிய மலைப் பக்கம் கணவன் காஞ்சனனோடு வந்தபோது, 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரு நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அது விருச்சிக முனிவர் உண்ண வைத்திருந்த கனி. அடுத்த கனி பழுக்கும்வரை பசியில் கிட என்று சாபம். இது ஒரு தனிக்கதை, மணிமேகலைக்கு இதில் வேலையே இல்லை. பிறகு அமுதசுரபியால் பசி தீர்கிறது. இங்கே முடிந்திருந்தால் அமுதசுரபியின் பெருமையைச் சொல்ல வந்த ஒரு சம்பவமாக நின்றிருக்கும். ஆனால் தன்னைத் துரத்தும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை எடுத்துக்கொள்ளும் உருவம் காயசண்டிகையுடையது. சாபக் காலம் முடிந்ததென்று மனைவியைத் தேடி வரும் காஞ்சனன், ‘தன் மனைவி’யின் பின்னால் அலையும் அரசகுமாரனைப் பார்க்கிறான். வாளை உருவுகிறான். 20ஆம் காதையில் உதயகுமரன் செத்துப்போகிறான், பிறகு மணிமேகலை சிறைக்குப் போகிறாள். எப்போதோ ஒரு மலையடிவாரத்தில் மிதிபட்ட பழம் புகார் நகரத்து அரண்மனைவரை வந்துவிட்டது.

“உன் சரோஜா யாரோட உருவத்தை மாத்துறா?” என்று கேட்டுவிட்டு அக்கா காபி போடப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய காவியங்களில் உபகதைகள் ஏராளம், அதனால் கதைக்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நானே வாதிட்டிருக்கிறேன். பாரதத்தில் காட்டில் இருக்கும் தருமனுக்கு நளன் கதை சொல்லப்படுகிறதே, அதற்கும் பாரதப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காவிடம் மடக்கினேன். சூதில் நாட்டை இழந்தவனிடம் சூதில் நாட்டை இழந்த இன்னொருவன் கதையைச் சொல்வதே ஒரு சம்பந்தம்தான் என்றாள் அவள். அதோடு கதை சொன்ன முனிவரிடமே தருமன் சூதாட்ட நுட்பத்தையும் கற்றுக்கொள்கிறான். பின்னால் விராட மன்னன் அவையில் கங்கன் என்ற பெயரில் சூதாடும் துணைவனாகத்தான் போய் ஒளிந்திருக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, சரோஜாவுக்கு வருவோம். அவளுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கணவன் வருவது அவளுக்கு நேர்கிற ஒன்று. அவளாக ஒன்றை விரும்பி அதன் பின்னால் போகவே இல்லை. அப்படி ஆசை இல்லாத ஆளை வைத்து எத்தனை பக்கம் எழுதினாலும் அது சம்பவங்களின் அடுக்காகத்தான் இருக்கும். அச்சகத்தில் பைண்டிங் பெண்களுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட்டுதான். மடித்த ஃபாரத்துக்கு, அதாவது அச்சான தாளுக்கு இவ்வளவு, தைத்த புத்தகத்துக்கு இவ்வளவு. வேலை இல்லாத வாரம் கூலி இல்லை. சரோஜாவுக்கு மாதச் சம்பளம் வேண்டும், சம்பளப் பேரேட்டில் தன் பெயர் ஏற வேண்டும். இவ்வளவு சின்ன ஆசை போதுமா என்று சந்தேகமாக இருந்தது. போதும் என்று பிறகு தெரிந்தது. முதலாளி அவளிடம் சொல்கிறார்: “கட்டிங் மெஷின் வாங்கிட்டா பில் புக் ஆர்டர் நிறைய வரும். அப்போ உனக்கு மாசச் சம்பளம். ஆனா மெஷின் வைக்க இடம் வேணுமே.” இருக்கும் ஒரே இடம் டிரெடில் அறை.

அந்த நிமிடத்தில் நாவல் நகர ஆரம்பித்தது. ரத்தினத்துக்கும் சரோஜாவுக்கும் பகையே இல்லை. அவர் அவளைத் தங்கச்சி மாதிரி நினைக்கிறவர். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அறை வேண்டும். வில்லனே தேவையில்லாமல் போய்விட்டது. பழைய வடிவத்தில் வில்லனாக இருந்த முதலாளியின் தம்பியை அப்படியே அட்டைப்பெட்டிக்குள் போட்டேன்.

புதிதாக எழுதிய முதல் காட்சி இது:

சரோஜா வாசற்படியில் ஆரம்பித்துச் சுவரோரமாக முழம் போட்டுக்கொண்டே வந்தாள். பதினோராவது முழத்தில் ரத்தினத்தின் எழுத்துக் கேஸ் அலமாரி இடித்தது.
“அண்ணே, கொஞ்சம் காலை எடுத்துக்குங்க.”
அவர் காலை இழுத்துக்கொண்டார். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் மணமகன் பெயர் பாதியில் நின்றது. “எதுக்கும்மா அளக்கிறே?”
“கட்டிங் மெஷின் வைக்கணுமாம். முதலாளி பார்க்கச் சொன்னார்.”
“இடம் பத்துமா?”
அவள் அலமாரியை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அலமாரியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துச் சுவரில் கையை வைத்து, “பன்னெண்டு” என்று எண்ணினாள்.

இதில் யாரும் எதையும் விளக்கவில்லை. காலண்டர் தாளில் எழுதினால் பச்சையும் கறுப்பும் சம அளவு வரும். முன்பு 60 பக்கத்தில் கணவனும் மழையுமாக நான் செய்ய முயன்ற ஏதோ ஒன்று, அவள் பதில் சொல்லாமல் அடுத்த முழத்தை எண்ணும் இடத்தில் தானாக வந்துவிட்டதாக நினைக்கிறேன். நினைப்புத்தான், அக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தவற்றில் மகளின் கதை எனக்கு அதிகம் தொல்லை கொடுக்கவில்லை. வங்கித் தேர்வு எழுதுகிறாள், தேறுகிறாள், வேறு ஊருக்குப் போகிறாள். அதைப் பாதியிலேயே முடித்துவிட்டேன். வீட்டில் ஒருவர் குறைந்த பிறகு ரத்தினம் இராத்திரி அச்சகத்திலேயே தங்க ஆரம்பிக்கிறார், கதைக்கு அது வேண்டியிருந்தது. கிளைக்கதைகள் எல்லாவற்றையும் கடைசி அத்தியாயத்தில், பழைய சினிமாவில் எல்லோரும் ஒரே பிரேமில் நின்று சிரிப்பது மாதிரி முடிப்பது எனக்கு ஒவ்வாது. ஒன்றைப் பாதியில் முடி, ஒன்றை முடிவுக்குச் சற்று முன்னால் முடி, ஒன்றை வேண்டுமானால் முடிக்காமல் விடு. முதன்மைக் கதை முடியும்போது மேடையில் கூட்டம் இருக்கக்கூடாது.

புலவர் கதையில்தான் இன்னொரு பெரிய தப்பு செய்திருந்தேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய் இப்போது நாம் எழுதும் வடிவங்கள் வந்தன. துதிக்கை மாதிரிச் சுழித்த கொம்போடு இருந்த பழைய ‘லை’ அச்சில் ஒரே துண்டு ஈயம். புதிய முறையில் ஐகாரக் குறி தனி, ல தனி. எல்லா அச்சகங்களும் பத்திரிகைகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இதையெல்லாம் சித்தப்பாவிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் திரட்டியிருந்தேன். திரட்டியதைக் கொட்டாமல் இருக்க முடியுமா? புலவரும் முதலாளியும் சீர்திருத்தத்தைப் பற்றி விவாதிப்பதாக 40 பக்கம். அது கிளைக்கதையே இல்லை, கட்டுரை. நடுநடுவே “என்றார் புலவர்” என்று போட்டதால் கதை மாதிரித் தோன்றியது.

அதையும் ஆசையிலிருந்து திருப்பி எழுதினேன். புலவர் ஓர் அந்தாதி எழுதி வைத்திருக்கிறார். அது பழைய எழுத்திலேயே அச்சாக வேண்டும் என்று அடம். பழைய எழுத்து யாரிடம் இருக்கிறது? ரத்தினத்திடம். சீர்திருத்தம் வந்து கேஸைக் காலி செய்தபோது, மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் பழைய லையையும் னையையும் ணையையும் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். 40 பக்க ஆராய்ச்சி இப்போது அந்த டின்னுக்குள் அடங்கிவிட்டது. வேலையே இல்லை என்று ஆகிவிட்ட ஆளிடம், உங்களால் மட்டும்தான் இது முடியும் என்று ஒருவர் வந்து நிற்கிறார். பல் போன, பொடிமட்டை மணக்கும் ஒருவர், கையில் காசில்லாமல்.

அப்புறம் என்ன நடக்கும் என்பது எனக்கே அடுத்த நாள்தான் உறைத்தது. அறையைக் காலி செய்ய, ஈய எழுத்துகளை எடைக்குப் போடச் சொல்கிறார் முதலாளி. காயலான் கடைக்காரரை அழைத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை பார்ப்பவள் சரோஜா. அவள் நேர்மையானவள், ஒரு கிலோகூடத் தவறவிட மாட்டாள். அலமாரிக்கு மேலே கையை விட்டுத் துழாவுகிறாள். டின் கிடைக்கிறது.

ரத்தினம், சரோஜா, புலவர் மூன்று பேர் கதையும் ஒரு பிஸ்கட் டின்னில் வந்து சேர்ந்தன. இதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் மூன்று பேருக்கும் ஆசை என்னவென்று தெரிந்திருந்ததால்தான் அந்த டின் கண்ணில் பட்டது. ரத்தினம் அதன் பிறகு என்ன செய்கிறார் என்பதை இங்கே எழுதினால் நாவலை யாரும் வாங்க மாட்டார்கள்.

இந்த வெற்றி தலைக்கு ஏறி அடுத்த பிரதியில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போட்டேன். மகளைக் காதலிக்கிறவன் காயலான் கடைக்காரரின் மகன். காயலான் கடைக்காரர் புலவரிடம் படித்த மாணவர். மகளுக்கு வேலை கிடைத்த வங்கியில்தான் முதலாளி கட்டிங் மெஷினுக்குக் கடன் வாங்குகிறார். அக்கா படித்துவிட்டு, “கும்பகோணத்துல மொத்தம் ஏழு பேர்தான் இருக்காங்களா?” என்று கேட்டாள். காலண்டர் தாள்களில் எல்லா நிறமும் எல்லாத் தாளிலும் இருந்தது, ஹோலிப் பண்டிகை மாதிரி. மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்தேன். கிளைக்கதை நாயகனை ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், பலமாகத் தொட்டால் போதும். மற்ற நேரமெல்லாம் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்க்கவும் வேண்டும். சரோஜா தன் மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டப் போகும் காட்சி ரத்தினத்துக்குச் சம்பந்தமில்லாதது. அதை வெட்டவில்லை. அது இல்லையென்றால் அவள் தராசுக்கு அருகில் நிற்கும்போது நமக்கு அவள்மேல் கோபம் மட்டும்தான் வரும்.

ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களில் நான் பட்ட பாடு தனி. தொடர் எழுதிய கை, கத்தி ஓங்கிய கணத்தில் ‘தொடரும்’ போடப் பார்க்கும். நாவலில் அப்படி விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போனால் வாசகர் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை. பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கத்தி என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விடுவார். அக்கா அப்படித்தான் செய்தாள், கேட்டபோது ஒப்புக்கொண்டாள். இப்போது ஓர் ஆள் முடிவெடுத்த பிறகு, அதன் பலன் தெரிவதற்கு முன்னால் விலகுகிறேன். ரத்தினம் அந்தாதியை அச்சிடச் சம்மதித்துவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அந்த இடைவெளியில் சரோஜாவிடம் போனால் வாசகர் கூட வருகிறார்.

திரும்பி வரும்போது ஆளை அடையாளம் காட்டுவதும் ஒரு சிக்கல். ‘மூன்று நாளைக்கு முன் புலவரிடம் பேசிய ரத்தினம்’ என்று முன்கதைச் சுருக்கம் எழுத வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இடமும் நேரமும் கொடுத்துவிட்டேன். சரோஜா என்றால் பின்கட்டு, மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்கப் போட்ட மயில்துத்தத்தின் நீலக்கறை படிந்த கைகள். புலவர் என்றால் மாலை நாலு மணி. மகள் என்றால் இரவு, வீட்டில் மட்டும். அத்தியாயத்தின் முதல் வரியில் துத்தக்கறை வந்தால் யாருடைய கதைக்கு வந்திருக்கிறோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது முதல் கிளையை ஆரம்பிக்கலாம் என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, நாயகனுக்கு என்ன வேண்டும், அதற்கு எது தடை என்று வாசகருக்குத் தெரிந்த பிறகுதான். என் பழைய பிரதியில் 12ஆம் பக்கத்திலேயே வழக்கு வந்துவிட்டது. யாருடைய கதையைப் படிக்கிறோம் என்று தெரிவதற்குள் வக்கீல் நோட்டீஸ். புதிய பிரதியில் சரோஜா 3ஆம் பக்கத்திலிருந்தே ஃபாரம் மடித்துக்கொண்டு கண்ணில் படுகிறாள், ஆனால் அவளுடைய கதை 40ஆம் பக்கத்துக்குப் பிறகுதான். ஆள் முன்னால் வரட்டும், கதை பின்னால் வரலாம். சிறுகதையில் இதற்கெல்லாம் இடமே இல்லை. பத்துப் பக்கக் கதைக்குள் இரண்டாவது கதை நுழைக்க நான் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றவைதான்.

இன்னும் தீராத ஒரு குறை உண்டு. எழுத எழுத சரோஜா ரத்தினத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போனாள். அவள் வரும் பக்கங்கள் தானாக ஓடின. அவரை நான்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்படி ஆனால் அது அவளுடைய நாவலோ என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டேன். ஒரு மாதம் அவளை நடுவில் வைத்து எழுதியும் பார்த்தேன். சம்பளம் கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது, டின்னுக்கு அர்த்தமில்லாமல் போனது. மறுபடி ரத்தினத்திடமே திரும்பினேன். எடுத்த முடிவு சரியா என்று இன்றுவரை சில இரவுகளில் சந்தேகம் வரும்.

போன மாதம் 260 பக்கப் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். நான்கு நாளில் முடித்துவிட்டாள். இந்தத் தடவை உள்ளே பஸ் டிக்கெட் எதுவும் இல்லை. கட்டைத் திருப்பித் தந்துவிட்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

“ஏன்டா, அந்தச் சரோஜா புருஷன் மழையில வந்து நின்னானே, அவன் என்ன ஆனான்?”

“நீதானே அக்கா வெட்டச் சொன்னே.”

“வெட்டுனது சரிதான். என்ன ஆனான்னு கேட்டேன். உள்ளே விட்டாளா, இல்லையா?”

அந்த 60 பக்கமும் ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.